மலைக்கு முந்தைய நாள், காட்மாண்டு

லாங்டாங் மலைப்பாதை தொடங்கும் சியாப்ருபெசிக்கு நாளை அதிகாலைப் பேருந்தில் கிளம்புவதால், இன்றைய பகல் முழுவதையும் நாங்கள் மூவரும் காட்மாண்டுவில் நடந்தே கழித்தோம். நேபாள நேரம் நம் நேரத்தைவிட 15 நிமிடம் முந்தியது என்பதை மறந்ததால், விடுதியில் காலை உணவு கைநழுவிப் போனது.

தமேலில் வாடகைக்கு எடுத்த ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப் பாதியில் சிக்கிக்கொள்ள, கடைக்காரர் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை அதன் பற்களில் நிதானமாகத் தேய்த்து ஓடவிட்டார். அங்கிருந்து, ஆறு தெருக்கள் கூடும் அசன் சந்தைக்குப் போனோம். நெற்றிப் பட்டையில் மூட்டையைத் தாங்கிக் குனிந்து நடக்கும் சுமைதூக்குவோருக்கு வழிவிட்டு ஒதுங்கியபோதுதான், அங்குள்ள அன்னபூர்ணா கோயிலில் அம்மன் உருவச் சிலையாக அல்லாமல் பூரண கும்பமாகவே வீற்றிருப்பதைக் கண்டேன். நம்மூர்க் கலசத்தைப் பார்த்தது போலிருந்தது.

ஒத்திகை என்று சொல்லிக்கொண்டு மாலையில் ஏறிய சுயம்புநாதரின் 365 படிகளில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. இந்த நகரம் இருப்பதோ சுமார் 1,400 மீட்டரில். நாங்கள் போகவிருக்கும் கியாஞ்சின் கோம்பா 3,800 மீட்டருக்கும் மேலே. என் பிஸ்கட்டைப் பறித்த குரங்கைத் துரத்தவும் தெம்பில்லை. இப்போது பையிலிருந்து இரண்டு சட்டைகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.