11 நாளில் ஒரு நாவல்

நேற்றிரவு மறுபடியும் ஒரு மெக்ரே நாவலை ஒரே மூச்சில் முடித்தேன். அதை எழுதிய ஜார்ஜ் சிமெனோன் 1903இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிறந்தவர். துப்பறியும் அதிகாரி மெக்ரேவை வைத்து மட்டுமே 75 நாவல்கள்!

அவர் எழுதிய விதம்தான் எனக்குத் தீராத ஆச்சரியம். பழுப்பு உறை ஒன்றின் மேல் பாத்திரங்களின் பெயர், வயது, குடும்பம் எல்லாம் குறித்துக்கொள்வார். அப்புறம் நாளுக்கு ஒரு அத்தியாயம். தொடங்கும் முன்பே டாக்டரிடம் உடம்பைக் காட்டிவிடுவார். ஏனென்றால் நடுவில் 48 மணி நேரம் நோயில் படுத்தால் எழுதியதெல்லாம் குப்பைக்குப் போகும். அந்த நாவலுக்குத் திரும்பவே மாட்டார்.

திருத்தும்போது முதலில் வெட்டுவது அடைமொழிகளை. சிமெனோனின் இளம் வயதில் எழுத்தாளர் கொலெத், இலக்கியத்தனம் கூடாது என்று சொன்னதை அவர் மறக்கவேயில்லை. பாரிஸ் மழையை இரண்டே வரியில் எழுதுவார், நமக்குக் குளிரும்.