எஃப்ஆர்பி கூலிங் டவரில் தண்ணீர் ஆறவில்லையா? முதலில் ஸ்பிரிங்க்ளரைப் பாருங்கள்

சூடான தண்ணீரைக் காற்றில் ஆறவைக்கும் பாட்டில் வடிவ எஃப்ஆர்பி (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) டவரில் தண்ணீர் ஆறவில்லை என்றதும், "டவர் பத்தலை, பெரிசா வாங்கிடலாம்" என்ற பேச்சுதான் முதலில் வரும். வாங்குவதற்கு முன், ஓடும்போது, மேலே சுற்றித் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் ஹெட்டை ஒரு நிமிடம் கவனியுங்கள்.

அதற்கு மோட்டார் கிடையாது. துளைகளில் பீறிடும் தண்ணீரின் எதிர்விசையில்தான் குழாய்கள் சுற்றுகின்றன. துளைகள் அடைத்தால் சுற்று மந்தமாகும். ஹெட் நின்றே போனால், குழாய்க்கு நேர் கீழே மட்டும் கோடு போட்டதுபோல் தண்ணீர் இறங்கும். மற்ற இடமெல்லாம் ஃபில் (தண்ணீர் பரவி வழியும் பிளாஸ்டிக் அடுக்கு) காய்ந்து கிடக்கும். காற்றும் தடை குறைவான அந்தக் காய்ந்த வழியிலேயே ஏறிப் போய்விடும். ஃபில்லில் திட்டுத்திட்டாக வெள்ளை உப்பு தெரிந்தால், கோளாறு நேற்று வந்ததல்ல.

பம்ப், ஃபேன் இரண்டையும் நிறுத்தி, ஐசொலேட்டரை (மின் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பூட்டிவிட்டு ஏறுங்கள். குழாய்களின் மூடியைக் கழற்றி உள்ளே கழுவுங்கள். கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிட வேண்டாம். திரும்ப மாட்டும்போது எல்லாக் குழாயும் ஒரே கோணத்தில் இருக்கட்டும். கையால் தள்ளும்போது கரகரத்தால் பேரிங் போயிற்று. வேகம் மிஞ்சினாலும் தொல்லைதான்: தண்ணீர் சுவரில் அடித்து வெளியே தெறிக்கும்.

மோட்டாரை ரீவைண்டிங் செய்து மாட்டியிருந்தால் ஃபேன் சுற்றும் திசையைப் பாருங்கள். காற்று மேலே போக வேண்டும். கீழே தள்ளினால் மூன்று ஃபேஸில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும்.

இங்கே டன் என்பது எடையல்ல, வெப்பத்தை அகற்றும் அளவு; இந்தக் கணக்கில் ஏமாறுபவர்கள் அதிகம். சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) டன் மணிக்கு 3,024 கிலோகலோரி. டவர் டன் பொதுவாக 3,900, ஏனென்றால் கம்ப்ரசரின் சூட்டையும் டவர்தான் சுமக்கிறது. டன்னுக்கு நிமிடத்துக்கு 13 லிட்டர், 37 டிகிரியிலிருந்து 32 வரை என்பது வழக்கமான கணக்கு. அதுவும் வெட் பல்ப் (ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் காற்றின் வெப்பநிலை) 27 அல்லது 28 டிகிரி என்று வைத்துப் போட்டது. வெட் பல்புக்குக் கீழே எந்த டவரும் இறக்காது.

50 டன் டவரில் மணிக்கு 39,000 லிட்டர் சுற்றும். சுமார் 300 லிட்டர் ஆவியாகும். உப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறாமல் இருக்க மணிக்கு 150 லிட்டர் பிளோடவுன் (உப்பேறிய தண்ணீரை வெளியேற்றுவது) விட வேண்டும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று அந்த வால்வை மூடுபவர்கள் கடைசியில் ஃபில்லையே மாற்றுகிறார்கள். மாற்றும்போது தண்ணீரின் சூட்டைச் சொல்லி வாங்குங்கள்: சாதாரண பிவிசி ஃபில் 55 டிகிரிக்கு மேல் தொய்ந்துவிடும், ஃபர்னஸ் தண்ணீருக்கு பிபி (பாலிப்ரோப்பிலீன்) ஃபில்தான் சரி.