காலில் இறங்கும் ஜவ்வு வலிக்கு ஊசி: எங்கே, என்ன மருந்து, எவ்வளவு

முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டால், முதுகெலும்புகளுக்கு நடுவிலிருந்து விலகிய ஜவ்வு (டிஸ்க்) உள்ளே போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. பிதுங்கிய ஜவ்வு நரம்பு வேரை அழுத்துவது ஒரு பக்கம் என்றால், அதன் கூழிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் வேரைப் புண்ணாக்குவது இன்னொரு பக்கம். புண்ணை ஆற்றும் மருந்தான ஸ்டீராய்டு வேலை செய்வது இந்த இரண்டாவதில்தான். பிதுக்கத்தை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்ளும். அதிலும் துண்டாகி வெளியே வந்து கிடக்கும் பெரிய ஜவ்வுதான் சின்னப் பிதுக்கத்தைவிட நன்றாகக் கரையும். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் கால் வலி தணிந்துவிடுகிறது. அந்த வாரங்களில் நடக்கவும் தூங்கவும் முடியாமல் தவிப்பவருக்குத்தான் ஊசி.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதம் நாளுக்கு நாள் தொங்கினாலோ ஊசியைப் பற்றிப் பேசவே கூடாது. அது உடனே அறுவை சிகிச்சைக்குப் பார்க்க வேண்டிய நிலை.

எந்த வேர் என்பதை முதலில் காலில் தேட வேண்டும், எம்ஆர்ஐயில் அல்ல. வலியே இல்லாதவருக்கும் ஸ்கேனில் பிதுக்கம் தெரியும். கால் கட்டைவிரலை மேலே தூக்கப் பலமில்லை, பாதத்தின் மேல்புறம் மரத்திருக்கிறது என்றால் எல்5, அதாவது கீழ்முதுகின் ஐந்தாவது வேர். நுனிக்காலில் எழும்ப முடியவில்லை, சுண்டுவிரல் ஓரம் மரத்திருக்கிறது என்றால் அதற்கு அடுத்து கீழே உள்ள எஸ்1. எல்4-5 ஜவ்வு, அதாவது கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் இருப்பது, வழக்கமான இடத்தில் பிதுங்கினால் அடிபடுவது எல்5 வேர். அதே ஜவ்வு பக்கவாட்டில் வெகுவாக வெளியே பிதுங்கினால் எல்4. ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துக் குத்தினால் ஒரு தளம் தவறிப்போகும்.

போடும் முறை இது. நோயாளி குப்புறப் படுக்க, வயிற்றுக்கடியில் ஒரு தலையணை. சி-ஆர்ம் எனும் சி வடிவ எக்ஸ்ரே கருவியைச் சாய்த்துத் திருப்பினால் முதுகெலும்பின் நிழல் ஒரு குட்டி நாய் மாதிரித் தெரியும். நாயின் கண்தான் பெடிக்கிள், முதுகெலும்பின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் குட்டைத் தூண். அதன் நேர் கீழே, கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தை நோக்கி 22 அல்லது 25 கேஜ் தடிமனில், சுமார் 9 செ.மீ. நீள ஊசி இறங்கும். பருமனானவருக்கு இது எட்டாது, நீள ஊசி வேண்டும். ஆழ்ந்த மயக்கம் தருவது தவறு. ஊசி வேரைத் தொட்டால் காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். அதைச் சொல்ல ஆள் விழித்திருக்க வேண்டும்.

அடுத்து, எக்ஸ்ரேயில் தெரியும் சாயமருந்து 1 மி.லி., ஓடும் எக்ஸ்ரேயில் பார்த்தபடி. நரம்பின் இரு கரையிலும் கோடு போட்டு, பெடிக்கிளைச் சுற்றி உள்ளே ஏறினால் இடம் சரி. விட்ட கணமே மறைந்தால் ஊசி ரத்தக்குழாயில் இருக்கிறது. பின்னுக்கு இழுத்தபோது ரத்தம் வரவில்லையே என்ற சமாதானம் இங்கே செல்லாது.

மருந்து, துகள் இல்லாத ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் 10 மி.கி., கூடவே மரக்கச் செய்யும் 1 சதவீத லிடோகெயின் 1 மி.லி. டிரையம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற மற்ற இரண்டு ஸ்டீராய்டுகளும் துகள் கொண்டவை. தண்டுவடத்துக்குப் போகும் தமனியில் அந்தத் துகள் தவறிப் புகுந்து அடைத்தால் இரண்டு காலும் செயலிழக்கலாம். முதுகெலும்புக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசிகளின் அரிதான, ஆனால் கடுமையான நரம்புச் சேதங்களைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014-இல் எச்சரித்தது. எந்த மருந்து போடப்போகிறார்கள் என்று முன்பே கேட்பதில் கூச்சமே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் முன்பே சொல்ல வேண்டும்; தானாக நிறுத்தக் கூடாது.

முதல் சில மணி நேரம் கால் மரத்துத் துவளலாம். வண்டி ஓட்ட வேண்டாம். லிடோகெயினின் மரப்பு அடங்கியதும் அன்றிரவே வலி திரும்பும். அதை வைத்து ஊசி தோற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஸ்டீராய்டு பிடிக்க 2 முதல் 7 நாள் ஆகும். முகம் சிவப்பதும் தூக்கம் கெடுவதும் ஓரிரு நாளில் போய்விடும். சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை அளவு சில நாள் எகிறும், அடிக்கடி பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் தலை பிளந்து, படுத்தால் அடங்கினால் தண்டுவட உறையில் துளை விழுந்திருக்கலாம். காய்ச்சலோடு முதுகுவலி ஏறினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வலி போன பிறகும் மரமரப்பு மாதக்கணக்கில் நிற்கலாம். நரம்பு மெதுவாகத்தான் தேறும். மூன்று ஊசி கொண்ட 'கோர்ஸ்' என்று முன்கூட்டியே எழுதித் தருவது பழைய பழக்கம், அதற்கு ஆதாரம் இல்லை. முதல் ஊசி பாதி பலன் தந்தால் இரண்டாவது போடலாம். சரியான வேரில், சரியான சாயப் படத்தோடு போட்டும் துளியும் குறையவில்லை என்றால் அதே ஊசியை மறுபடி போடுவது வீண். அப்போது ஒரு சென்டிமீட்டருக்குள் துளையிட்டுப் பிதுக்கத்தை எடுக்கும் எண்டோஸ்கோபி பற்றிக் கேட்கலாம்.