சில்ஸ் தேர்வுக்கு ஒரு படம், இரண்டு பாட்டு, 40 சீட்டு

இத்தாலிய மொழித் தேர்வான சில்ஸில் பி2 (மேல் இடைநிலை) தேறியதிலிருந்து "எந்தப் புத்தகம் படிச்சீங்க?" என்ற கேள்விதான் அதிகம் வருகிறது. பயிற்சிப் புத்தகம் ஒன்று வேண்டும்தான். ஆனால் தேர்வறையில் எனக்குக் கைகொடுத்தவை ஒரு படம், இரண்டு பாட்டு, ஒரு சிறுவர் கதைப் புத்தகம், ஒரு சீட்டுக்கட்டு, கொஞ்சம் சமையல். பட்டியல் இவ்வளவு சின்னதாக இருப்பதுதான் முக்கியம். கட்டாயம் பார்க்க வேண்டிய இத்தாலியப் படங்கள் என்று ஐம்பது பெயர் போடும் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். மொழிக்காகப் பார்ப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒன்றை எடுங்கள், வசனம் வாயில் வரும்வரை விடாதீர்கள்.

முதலில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. சில்ஸை நடத்துவது சியெனாவில் இருக்கும் வெளிநாட்டவர்களுக்கான பல்கலைக்கழகம். பெருஜாவில் இருக்கும் இதே போன்ற பல்கலைக்கழகம் செலி என்ற வேறொரு தேர்வை நடத்துகிறது. பி2 நிலையில் கேட்டல், வாசிப்பு, மொழியமைப்பு, எழுத்து, பேச்சு என்று ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் குறைந்தது 11 எடுத்தாக வேண்டும். பேச்சில் 19 வாங்கிவிட்டுக் கேட்டலில் 9 வாங்கினால் தேற முடியாது. தேறிய பகுதிகளை 18 மாதம் வரை கையில் வைத்துக்கொண்டு, விட்டதை மட்டும் மறுபடி எழுதலாம். திருமணம் மூலமோ நீண்டகால வசிப்பு மூலமோ குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்களிடம் 2018 இறுதியிலிருந்து, பி2வுக்கு ஒரு படி கீழான பி1 கேட்கிறார்கள். இத்தாலிய வழியில் பட்டப்படிப்பு என்றால் பொதுவாக பி2.

படத்துக்கு என் தேர்வு, பாவ்லோ ஜெனோவேசே இயக்கி 2016இல் வந்த 'பெர்ஃபெத்தி ஸ்கொனோஷூத்தி'. ஏழு நண்பர்கள் இரவுச் சாப்பாட்டுக்குக் கூடுகிறார்கள். எல்லாருடைய போனும் மேசைமேல் இருக்க வேண்டும், வருகிற அழைப்பும் செய்தியும் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு விளையாட்டு. துரத்தலும் கிடையாது, சண்டையும் கிடையாது, முழுக்கப் பேச்சுதான். குறுக்கே பேசுவது, பாதியில் விழுங்குவது, சமாளிப்பது எல்லாம் உண்டு. கதை தெரிந்துகொள்ள ஒருமுறை ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள், அடுத்து இத்தாலிய சப்டைட்டிலோடு. அதன்பின் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, சப்டைட்டிலை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இந்த மேசைப் பேச்சு பிடிபட்டுவிட்டால், தேர்வில் இரண்டு முறை போட்டுக்காட்டும் ஒலிப்பதிவு நிதானமாகவே கேட்கும்.

இத்தாலியில் எடுத்த படமெல்லாம் பாடநூல் இத்தாலியம் பேசாது என்பதையும் மனதில் வையுங்கள். நேப்பிள்ஸ் குற்றக்கும்பலைப் பற்றிய 'கொமோர்ரா' தொடரை இத்தாலியர்களே சப்டைட்டில் போட்டுத்தான் பார்த்தார்கள். பாவ்லா கொர்த்தெல்லேசி எடுத்து 2023இல் வெளியான 'சே அங்கோரா தொமானி' நெஞ்சை விட்டு அகலாத படம். ஆனால் அதில் கேட்பது 1946ஆம் ஆண்டு ரோம் தெருக்களின் பேச்சு. அதைத் தேர்வு முடிந்தபின் ஆசைதீரப் பாருங்கள். ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் ஏற்கெனவே கதை தெரிந்த ஒரு கார்ட்டூன் படத்தை இத்தாலிய டப்பிங்கில் போடலாம். அங்கே வெளிநாட்டுப் படங்களை டப்பிங் செய்துதான் பார்க்கிறார்கள். அந்தக் குரல் கலைஞர்களின் உச்சரிப்பு அவ்வளவு துலக்கமாக இருக்கும்.

பாட்டில் இலக்கணமே ஒளிந்திருக்கிறது. ஜீனோ பாவொலியின் 'லா கத்தா' 1960இல் வந்தது. மூக்கருகே கருப்புப் புள்ளி உள்ள ஒரு பூனை, கடலோரப் பழைய மச்சு வீடு, இழந்துபோன அந்த நாட்களின் நினைவு. முதல் வரியிலிருந்தே இம்பெர்ஃபெத்தோ காலம்தான். முன்பெல்லாம் இப்படி இருந்தது, இப்படி நடந்துகொண்டிருந்தது என்று சொல்லும் வினை வடிவம் அந்த மெட்டோடு சேர்ந்து பதிந்துவிடும். அத்ரியானோ செலெந்தானோ 1968இல் பாடிய 'அத்ஸூர்ரோ'வில் அவள் கடற்கரைக்குப் போய்விட்டாள், இவன் நகரத்தில் தனியாக. போவது, வருவது போன்ற வினைகளுக்கு எந்தத் துணைவினை, பெண்பாலுக்கு எந்த முடிவு என்ற குழப்பம் எனக்கு அந்த ஒரு வரியில் தீர்ந்தது. மொழியமைப்புப் பகுதியில் கோடிட்ட இடம் வந்தால் இந்தப் பாட்டுகளை மனதுக்குள் பாடிப் பாருங்கள்.

விளையாட்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுவே பெரிய உதவி. ஸ்கோபா என்ற சீட்டாட்டத்துக்கு 40 சீட்டு, நான்கு இனம். கையில் மூன்று சீட்டு, மேசையில் நான்கு. கையில் உள்ள ஐந்தைப் போட்டு மேசையில் உள்ள மூன்றையும் இரண்டையும் சேர்த்து அள்ளலாம். மேசையைத் துடைத்தெடுத்தால் ஒரு புள்ளி. தங்கக் காசு இனத்தின் ஏழு, அதாவது செத்தெபெல்லோ, கையில் வந்தால் தனியாக ஒரு புள்ளி. விதிகளைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆட உட்கார்ந்தால் "அதை நான் எடுக்கிறேன்", "உன்னிடம் எத்தனை இருக்கிறது?", "எனக்கு ரெண்டுதான் கிடைத்தது" என்று ஓயாமல் சொல்ல வேண்டிவரும். நமக்குத் தலைவலியாக இருக்கும் 'லோ', 'லா' (அதை), 'நே' (அவற்றில்) போன்ற சுட்டுப்பெயர்கள் அத்தனையும் இதில் புரளும். என் அறைத்தோழன் நேப்பிள்ஸ்காரன். அவனோடு ஆடி ஆடித்தான் 'நே' எனக்கு யோசிக்காமல் வர ஆரம்பித்தது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் தோம்போலா என்ற எண் விளையாட்டு. 1 முதல் 90 வரை எண்கள், ஆளுக்கொரு அட்டை, அட்டையில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து எண். நேப்பிள்ஸில் எண்ணை மட்டும் கூப்பிட மாட்டார்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொருள் சொல்லும் ஸ்மோர்ஃபியா மரபுப்படி அதையும் சேர்த்துக் கூவுவார்கள். 22 பைத்தியக்காரன், 47 செத்தவன், 48 பேசுகிற செத்தவன், 90 பயம். கூப்பிடுகிறவரின் வேகத்துக்கு ஈடுகொடுத்தாலே காது தயாராகிவிடும். 67ஐ செஸ்ஸாந்தசெத்தே என்றும் 76ஐ செத்தாந்தசேய் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டையும் தடுமாறாமல் பிரித்துக் கேட்கத் தெரிந்தவருக்கு ஒலிப்பதிவில் வரும் விலையும் ரயில் நேரமும் தொலைபேசி எண்ணும் பொருட்டே இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் ஒருவரை இணைய அழைப்பில் எண் கூப்பிடச் சொல்லியும் ஆடலாம்.

வாசிப்புக்கு ஜான்னி ரொதாரியின் 'ஃபாவொலே அல் தெலெஃபொனோ', 1962. வேலைக்காக ஊர் ஊராகப் போகும் தந்தை, தினம் இரவு ஒன்பது மணிக்கு மகளுக்குப் போனில் ஒரு கதை சொல்கிறார். கட்டணம் அவர் கையிலிருந்து போவதால் கதைகள் எல்லாம் சின்னவை. பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கம்தான். தூங்கும்முன் ஒன்று படித்துவிடலாம். இத்தாலியக் கதைகளில் வரும் பஸ்ஸாத்தோ ரெமோத்தோ என்ற இறந்தகால வினை வடிவங்களைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொள்ள இது போதும். நாவல் அவசரமில்லை.

சமையல் பேச்சுத் தேர்வுக்கு உதவும். காச்சோ எ பெப்பே செய்து பாருங்கள். பெக்கொரினோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவுதான். சூடு அதிகமானால் சீஸ் கட்டிதட்டிவிடும், அடுப்பிலிருந்து இறக்கித்தான் கிளற வேண்டும். சைவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பெக்கொரினோ ரொமானோ, பார்மிஜானோ ரெஜ்ஜானோ இரண்டிலும் பாலைத் திரிக்க விலங்கின் ரென்னெட்தான் சேர்க்கிறார்கள். அது வேண்டாமென்றால் கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா எ சேச்சி செய்யலாம். செய்யும்போது ஒவ்வொரு படியையும் இத்தாலியத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அதே நடையில் நம் வெண்பொங்கலைச் சொல்லிப் பாருங்கள், அரிசியும் பருப்பும் கழுவுவதிலிருந்து நெய்யில் மிளகு பொரிவது வரை. பேச்சுப் பகுதியில் ஓர் உரையாடல், தனியாகப் பேச ஒரு தலைப்பு என்று இரண்டு உண்டு. உணவு, பண்டிகை, ஓய்வுநேரம் எதைக் கேட்டாலும் சொல்ல உங்களிடம் சொந்த விஷயம் இருக்கும். மனப்பாடப் பேச்சை விடச் செய்து பார்த்ததைச் சொல்வது எளிது, தடங்கினாலும் அடுத்த வரி தானாக வரும். தேர்வுக்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் தொடாமல், தினமும் பொங்கலையும் தோம்போலாவையும் இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்து கேளுங்கள்.