வெள்ளிப் பாலாடையும் 1.8 கிலோ பிள்ளையும்

காரைக்குடிப் பக்கம் வெள்ளிச் சாமான் பெட்டியைத் திறந்தால் ஒரு பாலாடை, அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், கிடக்கும். மாசம் முந்தி, எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குப் பால் புகட்ட அதைவிடத் தோதானது கிடையாது. பச்சிளங்குழந்தை வார்டிலும் இதே பாலாடைதான். பழுதெல்லாம் புகட்டும் விதத்தில்.

34 வாரத்துக்கு முன் பிறந்ததற்குச் சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒத்து வராது. மார்பில் போட்டால் களைத்துத் தூங்கிவிடும். (32 வாரத்துக்கும் முந்தினதற்குப் பெரும்பாலும் குழாய் வழிதான், அதுவும் ஆஸ்பத்திரியில்.) ஆகவே தாய்ப்பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுகிறோம்.

மடியில் மல்லாக்கப் போட்டு ஊற்றுகிறார்களே, அதை முதலில் விட வேண்டும். பிள்ளை விழித்திருக்கட்டும். தலையையும் கழுத்தையும் தாங்கி, நிமிர்த்தினாற்போல் பிடியுங்கள். பாலாடையின் மூக்கு கீழுதட்டில், வாயோரமாகப் படட்டும். பால் உதட்டைத் தொட்டதும் நாக்கு தானே நீளும். ஒரு மடக்கு, தொண்டை ஏறி இறங்கியதும் அடுத்தது. அழும்போதோ மூக்கைப் பிடித்தோ ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். உதடு நீலம் பாய்ந்தால், மூச்சுத் திணறினால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அளவை டாக்டர்தான் சொல்வார். வழக்கமான கணக்கு, முதல் நாள் கிலோவுக்கு 60 மில்லி. 1.8 கிலோவுக்கு 108 மில்லி. 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் என்றால் வேளைக்கு 9 மில்லி. பிறகு அன்றாடம் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லி கூட்டி, கிலோவுக்கு 150 மில்லி வரை போகும். உங்கள் பாலாடை எத்தனை மில்லி பிடிக்கிறது என்று சிரிஞ்சால் ஒருதரம் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு அது மாறும்.

முதல் நாள் அத்தனை பால் சுரக்காது. சுரக்கும் சீம்பாலை ஒரு சொட்டு விடாமல் கொடுங்கள். மீதிக்குத் தாய்ப்பால் வங்கி உண்டா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். ஆயா (பாட்டி) ஆசையாய்ச் சேனை வைக்க வருவார்கள். மரியாதையாகத் தடுத்துவிடுங்கள். தேனில் பாட்டுலிசம் என்ற விஷ நோயின் கிருமி இருக்கலாம், சர்க்கரைத் தண்ணீரில் சத்தில்லை.

வெள்ளியை விபூதி போட்டுத் துலக்குவது நம் வழக்கம். அந்தத் தூள் மூக்கின் பள்ளத்திலும் சித்திர வேலைக் கீறல்களிலும் தங்கும். காய்ந்த பாலும் அங்கேதான் வெள்ளைப் படலமாக ஒட்டியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், தெரியும். வேலைப்பாடில்லாத பாலாடையாக எடுங்கள். ஒவ்வொரு வேளையும் சோப்புப் போட்டுக் கழுவி, 20 நிமிஷம் கொதிக்க வையுங்கள்.

இடைவேளையில் பிள்ளையைத் தொட்டிலில் விடாமல், வெறும் மேனியாகத் தாயின் மார்போடு அணைத்து, மேலே துணி சுற்றி வையுங்கள். உடம்பு குளிர்ந்தால் குடித்த பாலெல்லாம் சூட்டுக்கே செலவாகி எடை ஏறாது. முதல் வாரம் எடை இறங்கும். இரண்டாம் வாரக் கடைசியில் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.