ஸ்பிட்ஃபயர் 1500: ஆயில் பிரஷர் கேஜ் நாட்குறிப்பு

பிப்ரவரி 8
என் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரில் ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு மறுபடியும் சிமிட்டியது. இன்ஜின் நன்றாகச் சூடான பின், சிக்னலில் நிற்கும்போது மட்டும். ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் அணைந்துவிடுகிறது. அந்த விளக்கை நம்பி இனி ஓட்ட முடியாது. அதன் சுவிட்ச் ஐந்து பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) வாக்கில்தான் வேலை செய்யும். அறுபதிலிருந்து பத்துக்கு இறங்கினாலும் அது வாய் திறக்காது. அது எரியும் நேரத்தில் பேரிங்குக்கு ஆயில் போதாத நிலை வந்திருக்கும்.

ட்ரையம்ப் இந்தக் காரில் வேகம், ஆர்பிஎம், தண்ணீர்ச் சூடு, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் முள் வைத்தது. ஆயிலுக்கு மட்டும் ஒரு விளக்கு. 1493 சிசி இன்ஜின், கிராங்க் தண்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங், நெடுஞ்சாலையில் உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓடினால் பிக் எண்ட் (பிஸ்டன் கம்பி கிராங்கோடு சேரும் பேரிங்) தேய்வதில் பேர் பெற்றது. கேஜ் வேண்டிய இன்ஜின் இதுதான்.

பிப்ரவரி 9
ஜூனுக்குள் முடிய வேண்டும்.

பிப்ரவரி 11
கேஜ் மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கா? நாள் முழுக்க இதே யோசனை.

எலக்ட்ரிக் என்றால் காருக்குள் ஆயில் வராது, ஒரு ஒயர் போதும். ஆனால் சென்டரும் (அழுத்தத்தை மின்சிக்னலாக மாற்றும் உணரி) கேஜும் ஜோடியாக இருக்க வேண்டும். 10 முதல் 180 ஓம் வரை போகும் சென்டரை வேறு அளவுக்குச் செய்த கேஜோடு சேர்த்தால், முள் நம்பிக்கையோடு பொய் சொல்லும். இன்னொரு சிக்கல், முள்களுக்குப் போகும் வோல்டேஜைச் சீராக்கும் ஸ்டெபிலைசர். பெட்ரோல், சூட்டு முள்களுக்குப் போகும் வெளிர்பச்சை ஒயரில் இருப்பது சராசரியாக 10 வோல்ட். புது எலக்ட்ரிக் கேஜுக்கு அதிலிருந்து மின்சாரம் எடுத்தால் அளவு தவறும். ஸ்டெபிலைசருக்கு முன்னால் உள்ள பச்சை ஒயரில்தான் எடுக்க வேண்டும். சென்டரின் டப்பாவும் கனம். அதை மூன்று வாய் கொண்ட பித்தளை டி-பீஸின் நுனியில் நேராகத் தொங்கவிட்டால் நாலு சிலிண்டர் அதிர்வில் பித்தளை கழுத்தில் விரிசல் விடும். ஹோஸ் போட்டு பல்க்ஹெட்டில் (இன்ஜின் அறைக்கும் காரின் உட்பகுதிக்கும் நடுவே உள்ள தகடு) பிராக்கெட்டில் மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால் பிளாக் (இன்ஜினின் வார்ப்பு உடல்) வழியாக எர்த் கிடைக்காது, தனி எர்த் ஒயர் வேண்டும்.

மெக்கானிக்கலில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அழுத்தம் நேரே முள்ளுக்கு வருகிறது. ஆபத்து பைப்பில்தான். மெல்லிய நைலான் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொட்டால் உருகும், கொதிக்கும் ஆயில் வெளியே பீச்சும். செம்புக் குழாய் உருகாது. ஆனால் இன்ஜின் தன் மவுண்டிங்கில் ஆட ஆட விறைத்து, ஒரு நாள் முறியும்.

ஆக முடிவு: மெக்கானிக்கல் கேஜ். பிளாக்கிலிருந்து பல்க்ஹெட் வரை எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ். அதற்கப்புறம், அசையாத பகுதியில் மட்டும் செம்பு.

பிப்ரவரி 14
பார்சல் வரவில்லை.

பிப்ரவரி 16
மரை. இதில் அவசரம் கூடாது. என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) எட்டில் ஒன்று அங்குலம்: அங்குலத்துக்கு 27 மரை, 60 டிகிரி. பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) எட்டில் ஒன்று அங்குலம்: 28 மரை, 55 டிகிரி. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒன்றை மற்றதில் திருகினால் முதல் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். அது சீல் ஆகும் இறுக்கம் அல்ல, மரை சிதையும் இறுக்கம். சிதைவது பித்தளையானால் இன்னொன்று வாங்கலாம். பிளாக்கில் உள்ள மரை போனால் என்ன செய்வது?

பழைய சுவிட்சைக் கழற்றி, மரை அளக்கும் தகட்டை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். இடைவெளியில் ஒளி கசிந்தால் அந்தத் தகடு அல்ல. கேஜின் பின்பக்கம் பெரும்பாலும் பிஎஸ்பியாக இருக்கும். ஒரு முனை ஒரு மரை, மறுமுனை வேறு மரை என்று அடாப்டர் தேவைப்படுவது சகஜம். இரண்டு முனையையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

பிப்ரவரி 19
பார்சல் வந்தது! டி-பீஸ், ஹோஸ், செம்பு வாஷர்கள், 52 மில்லிமீட்டர் கேஜ், 0 முதல் 100 பிஎஸ்ஐ.

பிப்ரவரி 22
பானெட் முழுசும் முன்னால் சாய்ந்து திறக்கும் கார் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்தே வேலை செய்ய முடிகிறது. இந்தக் காரை வடிவமைத்த மிக்கெலோட்டிக்கு ஒரு கும்பிடு.

டி-பீஸில் ஒரு வாய்க்குப் பழைய சுவிட்ச், ஒரு வாய்க்கு ஹோஸ். விளக்கை எடுத்துவிடக் கூடாது. முள்ளை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, விளக்கு கண்ணில் படும். வெள்ளையில் பழுப்புக் கோடு போட்ட ஒயர் மறுபடி சுவிட்சுக்கே போகிறது.

கூம்பு மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றவில்லை, சீலண்ட் பூசினேன். முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுப் பூச வேண்டும். டேப்பின் நார் பிய்ந்து ஆயில் வழிக்குள் போனால் எங்கே போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது. சுவிட்சுக்கு எர்த்தும் அந்த மரை வழியாகத்தான். கையால் இறுகும் வரை, அதற்கு மேல் ஸ்பேனரில் ஒன்றரைச் சுற்று. நேர் மரை உள்ள முனைகளுக்கு சீலண்ட் எதுவும் வேண்டாம், செம்பு வாஷர் போதும்.

பல்க்ஹெட்டில் புது ஓட்டை போடவில்லை. ஏற்கெனவே ஒயர் போகும் ஓட்டையில் ரப்பர் குரோமெட்டை (ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) மாற்றி, அதன் வழியே குழாய். குரோமெட் இல்லாத தகரம் குழாயை அறுத்துவிடும். ஹோஸ் ஸ்டியரிங் தண்டையோ எக்ஸாஸ்டையோ தொடாமல் கிளிப்.

டேஷின் மர வெனீரை வெட்ட மனம் வரவில்லை. கீழே தொங்கும் பிராக்கெட்டில் கேஜ். அதன் பல்புக்கு சிவப்பில் வெள்ளைக் கோடு ஒயர், கறுப்பு எர்த்.

பிப்ரவரி 23
ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றினேன். கேஜ் பக்க நட்டை அரைச் சுற்று தளர்த்தியிருந்தேன். காற்று குமிழாக வந்து, பிறகு ஆயில் துளிர்த்ததும் இறுக்கினேன். முள் எழுந்தது. பிளக்கை மாட்டி ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் வெள்ளைக் காகிதம். கறை இல்லை.

பிப்ரவரி 24
இன்ஜின் சூடாகும் முன், குளிரில் 65 பிஎஸ்ஐ. மனசு நிறைந்தது.

மார்ச் 1
குளிரில் 65 என்பதற்கு அர்த்தமே இல்லை. கெட்டியான ஆயில் எந்தத் தேய்ந்த பேரிங்கிலும் அழுத்தம் காட்டும்.

முக்கால் மணி நேரம் ஓட்டிய பின்: ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது) 12. 2,000 ஆர்பிஎம்மில் 38. மேனுவல் கேட்பது 2,000-இல் 40 முதல் 60. தண்ணீர் முள் கால் மணியில் நின்றுவிடும், ஆயில் அதற்கப்புறமும் சூடேறிக்கொண்டே போகும். அரை மணி நேரம் கழியாமல் எடுத்த அளவை எழுதி வைப்பதில் பயனில்லை. ஆர்பிஎம் இல்லாமல் எழுதினாலும் அப்படியே.

மார்ச் 2
12. தூக்கம் பிடிக்கவில்லை. ரிலீஃப் வால்வின் (அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மேல் அளவு குறையும். ஐடிலில் அந்த வால்வு மூடியே இருக்க வேண்டும். அதன் இருக்கையில் துரும்பு சிக்கியிருந்தால் கீழ் அளவும் குறையும். இரண்டும் இல்லையென்றால் பேரிங் இடைவெளி, அல்லது பம்ப். எது என்று கேஜ் சொல்லாது.

மார்ச் 3
கேஜே தவறோ? தெரிந்த வொர்க்‌ஷாப் கேஜை அதே இடத்தில் மாட்டிப் பார்த்தேன். ஒரு பிஎஸ்ஐதான் வித்தியாசம்.

மார்ச் 6
ரிலீஃப் வால்வைக் கழற்றியாயிற்று. பிளஞ்சரில் கீறல் இல்லை, இருக்கை சுத்தம். புது 20டபிள்யூ-50 ஊற்றினேன். ஃபில்டரும் புதிது, உள்ளே திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு உள்ளது. அது இல்லாவிட்டால் இரவோடு இரவாக ஆயில் சம்ப்புக்கு (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி வெறும் தட்டல் சத்தம்.

மார்ச் 7
சூட்டில் ஐடில் 15, 2,000-இல் 41. பரவாயில்லை!

மார்ச் 9
பரவாயில்லை என்று எழுதியிருக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் 3,500-இல் ஒரு மணி நேரம் ஓடிய பின், 2,000-இல் 36. ஐடிலில் பழைய 12.

மார்ச் 10
வேறொருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லி கிராங்க் புல்லியைப் பார்த்தேன். நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்தால் எந்த பிரஷர் கேஜும் காட்டிக்கொடுக்காது என்பதால் இந்தச் சோதனை எப்போதும் தனியாகச் செய்ய வேண்டியது.

மார்ச் 12
மார்ச் 6-இல் கழற்றிய ஃபில்டரை வெட்டினேன். ரம்பத்தால் அறுக்கக் கூடாது, அதன் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். வெட்டுக்கருவியால் விளிம்பைச் சுற்றி வெட்டி, காகித மடிப்பைப் பிரித்து, வெள்ளைத் துணியில் பிழிந்தேன். காந்தத்தில் ஒட்டாத மின்னும் துகள்கள். இரண்டு மூன்று செம்பு நிறம். பேரிங் ஷெல்லின் மேல்பூச்சு போய் அடிப்பக்கம் தெரியும்போது வரும் நிறம்.

மார்ச் 13
இனி ஸ்டார்ட் செய்யப் போவதில்லை. இன்ஜினை இறக்காமலே சம்ப்பைக் கழற்றி பிக் எண்டைப் பார்க்கலாம். பிளாஸ்டிகேஜும் (பேரிங் இடைவெளி அளக்கும் பிளாஸ்டிக் இழை) சம்ப் கேஸ்கெட்டும் ஆர்டர் சொல்லியாயிற்று. ஷெல் என்ன அளவு என்று ஜர்னலை (கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதி) மைக்ரோமீட்டரில் அளக்காமல் வாங்க முடியாது, முன்பே யாராவது 0.010 அங்குலம் அரைத்திருக்கலாம். சனிக்கிழமை ஸ்டாண்டில் ஏற்றி, ஆயிலை வடித்துவிட்டு, மூன்றாவது சிலிண்டரின் பிக் எண்ட் கேப்பிலிருந்து தொடங்க வேண்டும்.