இறக்கை தைக்கிறவங்க

ராத்திரி சாப்பிட்டுக்கிட்டே சோப்வித் கேமல் ரெப்ளிகா கட்டுற வீடியோ ஒண்ணு பாத்தேன், தட்டுல கை காய்ஞ்சதுகூட தெரியல.

முதல் உலகப்போர் விமானம், 1917ல சண்டைக்கு வந்தது. நான் இன்ஜின், மெஷின்கன்னு எதிர்பாத்தா ஒரு பெரியவர் நீள ஊசிய வச்சு இறக்கையத் தைச்சுக்கிட்டு இருக்காரு!

மரச்சட்டம், அதுமேல லினன் துணி, மெழுகு தடவுன நூலு, ஒவ்வொரு முடிச்சா போட்டுக்கிட்டே போறாரு. அப்புறம் டோப்னு வார்னிஷ் மாதிரி ஒண்ணு பூசுறாங்க, அது காயக்காய துணி இறுகி, விரலால தட்டினா பறை மாதிரி அதிருது.

அன்னிக்கு ஃபேக்டரில இதைத் தைச்சது, பூசுனதுல நிறையப் பேரு பொம்பளைங்க.

போரோட ஆரம்பத்துல, கேமல் வர்றதுக்கு முன்னாடியே, சில டோப்ல டெட்ராகுளோரோஈத்தேன்னு ஒரு விஷ ரசாயனம் கலந்திருந்தாங்க. அந்த ஆவிய சுவாசிச்சு மஞ்சக்காமாலை வந்து செத்தவங்க உண்டு. பைலட்டுங்க பேரு கல்லுல இருக்கு, இவங்கள யாரு தேடுறா?

ரெப்ளிகா கட்டுறவங்க பழைய ட்ராயிங்கைத் தேடிப் புடிச்சு ஆணி முதக்கொண்டு அப்படியே வேணும்னு நிக்கிறாங்க (அந்தக் கிறுக்கு எனக்குப் புடிச்சிருக்கு), ஆனா அந்த விஷ டோப் மட்டும் யாருக்கும் ஒரிஜினலா வேணாம், நல்ல வேளை.